கண் சென்ற இடமெல்லாம் கருத்துச் சென்றதாகுமா?

மனிதன் தான் செய்த செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பதை உலகில் தோன்றிய அறநெறிகள் யாவும் ஒப்புக்கொள்கின்றன. சொல்லிய சொல்லுக்கும் அவன் பொறுப்பாளியே. மனத்தில் வைத்து வளர்த்த எண்ணத்திற்கும் பொறுப்புண்டு என்பது சான்றோர் கருத்து. ஆனால், கண் ஓரிடத்தில் பட்டு மீண்டதற்கு அவன் பொறுப்பாளி ஆவானா? தெருவில் நடக்கும்போது, திறந்திருக்கும் அயல் வீட்டின் உள்ளே நம் பார்வை ஒரு கணம் சென்று திரும்புகிறது. கடைக்குள் நுழைந்தால் அடுக்கி வைத்த பண்டங்களின் மேல் அது தாவித் தாவிச் செல்கிறது. இவற்றையெல்லாம் எவரேனும் அருகில் நின்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்து, "இவையே உம்முடைய விருப்பங்கள்" என்று நம்மிடம் நீட்டுவாரானால் நாம் அதனை ஒப்புக்கொள்வோமா?

முன்பு இக்கேள்வி வெறும் கற்பனையாக இருந்திருக்கும். இன்று அவ்வாறு எழுதி வைக்கக்கூடிய கருவி விளையாட்டுப் பொருளாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே, இதனை நம் குடும்பங்களில் உள்ள பெரியோரும் இளையோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டியது கடமையாகிறது.

கருவியின் இயல்பு

வி.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் மெய்நிகர் உலகக் கருவியைப் பிள்ளைகள் அறிவார்கள். பெரியோர்க்காகச் சிறிது விளக்குவோம். கண்களை முழுவதும் மறைத்துத் தலையில் கட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி போன்றது இந்த ஹெட்செட். உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரில் சிறு திரையும் வில்லையும் உள்ளன. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் காட்டப்படுவதால் ஆழமும் தொலைவும் உள்ள ஓர் உலகம் நம்மைச் சூழ விரிகிறது. தலையைத் திருப்பினால் அவ்வுலகின் மறுபக்கம் தெரிகிறது. அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றை அமைத்துக் காட்டினார். அது வீட்டில் வைத்து விளையாடும் பொருளாக மாறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

தலை திரும்புவதை மட்டும் அறிந்திருந்த கருவி, இப்போது கண் திரும்புவதையும் அறிகிறது. 2019இல் எச்.டி.சி. நிறுவனத்தின் வைவ் ப்ரோ ஐ, 2022 அக்டோபரில் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ப்ரோ, 2023 பிப்ரவரியில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2, 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் ப்ரோ எனப் பார்வையைத் தொடரும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுள் குவெஸ்ட் ப்ரோவின் விற்பனை பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அது திறந்த வழி மூடிவிடவில்லை.

இதன் வேலைமுறை எளிதே. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைச் சிறு விளக்குகள் விழியின்மேல் வீசுகின்றன. அவ்வொளி விழியின் முன்புறத்தில் சிறு புள்ளிகளாக மின்னுகிறது. மிகச் சிறிய கேமராக்கள் அப்புள்ளிகளையும் கண்ணின் பாவையையும் படம் பிடிக்கின்றன. பாவை எங்குள்ளது, புள்ளிகள் எங்குள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்வை செல்லும் திசையைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. வைவ் ப்ரோ ஐ இக்கணக்கை விநாடிக்கு 120 முறை செய்யக்கூடியது. ஒரு மணி நேரம் விளையாடினால் 4,32,000 முறை என்றாகிறது. நம் வாழ்நாளில் நம்மை இத்தனை கூர்ந்து நோக்கிய மனிதர் எவரும் இரார்.

கண் எவ்வாறு நோக்குகிறது?

எதிரில் உள்ள காட்சி முழுவதையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காண்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்த்தால் அவ்விரலின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடமே, அதாவது 2 பாகை அளவே, மிகத் தெளிவாகத் தெரிகிறது. சுற்றியுள்ளவை மங்கலே. அந்தச் சிறு தெளிவை வைத்துக்கொண்டு உலகைக் காணவேண்டியிருப்பதால் கண் ஓயாது தாவுகிறது. விநாடிக்கு மூன்று தாவல் என்பது பொதுவான கணக்கு. ஒரு மணி நேரத்தில் பதினாயிரம் தாவல்களுக்கு மேல் நிகழ்கின்றன. அவற்றுள் நாம் எண்ணிச் செய்தவை எத்தனை? மிகச் சிலவே.

எழுத்தறிவிக்கும் தொழிலில் இருந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நின்று செல்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்கரான எட்மண்ட் ஹ்யூய், கண்ணை மருந்தால் மரத்துப்போகச் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதனுடன் இணைத்த மெல்லிய நெம்புகோலால் கண்ணின் தாவலைப் புகைபடிந்த உருளையில் வரையச் செய்தார். வாசிப்பைக் கற்பித்தல் பற்றி அவர் எழுதிய நூல் 1908இல் வெளிவந்தது. அக்காலத்தில் கண்ணின் போக்கை அறிய வேண்டுமானால் கண்ணுக்குரியவர் நாற்காலியில் அமர்ந்து துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, தம்மிடமிருந்து எது எடுக்கப்படுகிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். இன்று துன்பம் இல்லை. அத்துடன் அந்த அறிவும் இல்லை.

ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் செய்த சோதனை நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது. ஓவியர் ரேபின் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், நெடுங்காலம் வீட்டைப் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராமல் உள்ளே நுழைகிறார். வீட்டார் திகைத்து நோக்குகின்றனர். இவ்வோவியத்தை ஒருவரிடம் காட்டி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கேள்வியைக் கேட்டார் யார்பஸ். இவர்களுக்கு வயது என்ன என்று கேட்டபோது கண் முகங்களின்மேல் சென்றது. குடும்பத்தின் பொருள்நிலை யாது என்று கேட்டபோது உடைகளின்மேலும் வீட்டுப் பொருள்களின்மேலும் அலைந்தது. ஓவியமும் ஒன்றே, மனிதரும் ஒருவரே. மனத்தில் இருந்த கேள்வி மாறியது, கண் சென்ற வழியும் மாறியது. 1960களில் வெளியான இவ்வாய்வு இன்றும் இத்துறையில் எடுத்துக்காட்டப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. கண் செல்லும் வழி மனத்தைக் காட்டுகிறது என்பது ஒன்று. மனத்தில் உள்ள கேள்வியை அறியாதவருக்கு அவ்வழி சரியாக விளங்காது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும்.

நன்மைகளை மறவோம்

எந்தப் பொருளையும் ஒரு பக்கம் மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. இக்கருவியால் விளையும் நன்மைகளும் உண்மையானவை.

கண் எங்கே நோக்குகிறதோ அங்கே மட்டும் படத்தை நுணுக்கமாக வரைந்து, மற்ற இடங்களை மேலோட்டமாக வரைந்தால் போதும் என்பதைக் கணிப்பொறி வல்லுநர் கண்டுகொண்டனர். இதனால் கணிப்பொறியின் உழைப்புக் குறைகிறது, படமும் தெளிவாகிறது. இதற்குப் பார்வையின் திசை ஒரு கணம் தெரிந்தால் போதும். அடுத்த கணம் அதனை மறந்துவிடலாம். வேலைக்காரர் கூடை இறக்க வேண்டிய இடத்தைக் கேட்டு, இறக்கிவிட்டு, போய்விடுவது போன்றது இது. இதில் குற்றம் காண இடமில்லை.

நரம்பு நோயால் கைகால் அசைவும் பேச்சும் இழந்தவர்கள் கண்ணால் எழுத்துகளைத் தேர்ந்து சொற்களாக்கிப் பேசுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டீவ் கிளீசன் அத்தகைய நோய்க்கு ஆளான பின் கண்ணாலேயே கணிப்பொறியை இயக்கினார். அவரது தூண்டுதலால் தொடங்கிய முயற்சியின் பயனாக 2017இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கண்ணால் இயக்கும் வசதியைத் தன் விண்டோஸ் 10இல் சேர்த்தது. வாயிழந்தவர்க்கு வாயும் கையிழந்தவர்க்குக் கையும் ஆகும் கருவியைத் தீயதென்று எவர் கூறுவார்?

விளையாட்டிலும் நல்லன உண்டு. 'பிஃபோர் யுவர் ஐஸ்' என்னும் விளையாட்டு 2021இல் கணிப்பொறிக்கும் 2023இல் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 கருவிக்கும் வெளிவந்தது. இறந்துபோன ஒருவரின் வாழ்க்கை நினைவுகளை ஆடுபவர் காண்கிறார். அவர் கண்ணிமைக்கும்போது காலம் தாவிவிடுகிறது. தாயின் முகத்தை இன்னும் சிறிது நேரம் காண விரும்பி இமையைக் கொட்டாமல் பிடித்து வைத்தாலும் எத்தனை நேரம் பிடிக்க முடியும்? இமை தானே மூடுகிறது. அந்த நாள் போய்விடுகிறது. வாழ்வின் நிலையாமையை இதனினும் எளிதாக இளைஞர்க்கு உணர்த்துவது அரிது. இந்த விளையாட்டு நம் இமைப்பை மறைவாக எடுப்பதில்லை. இமைப்பே விளையாட்டு என்று முன்னரே கூறி அழைக்கிறது. ஆகவே, குற்றம் கருவியில் இல்லை. கருவியைக் கொண்டு எதை, எவருக்குத் தெரிந்து, எதற்காக எடுக்கிறோம் என்பதிலேயே உள்ளது.

பார்வை எதையெல்லாம் சொல்லிவிடுகிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெஸ், போல்ட் என்னும் இருவர், மனத்தைக் கவரும் படத்தைக் காணும்போது கண்ணின் பாவை விரிகிறது என்று 1960இல் எழுதினர். மனத்தில் நிறுத்த வேண்டிய எண்கள் கூடக்கூடப் பாவை விரிவதைக் கானமன், பீட்டி என்னும் ஆய்வாளர்கள் 1966இல் காட்டினர். பாவையை வேண்டுமென்று விரிக்கவோ சுருக்கவோ நம்மால் நேரே இயலாது. பேசாதிருக்க முடியும், முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்க முடியும், பாவையை அடக்கிவைக்க முடியாது.

2003இல் ஷிமோஜோவும் அவருடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. இரண்டு முகப்படங்களைக் காட்டி, எது அழகியது என்று கேட்டனர். விடை கூறுவதற்குச் சற்று முன்பே, தேர்ந்தெடுக்கப்போகும் முகத்தின்மேல் கண் மேலும் மேலும் சாயத் தொடங்கிவிட்டது. அதாவது, வாய் கூறுமுன் கண் கூறிவிட்டது. அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஒரு முகத்தை மற்றதைவிட அதிக நேரம் நோக்கும்படி தாமே அமைத்துப் பார்த்தனர். அவ்வாறு நோக்கவைத்த முகத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஓரளவு கூடியது. விருப்பம் பார்வையை இழுக்கிறது. பார்வையும் விருப்பத்தை இழுக்கிறது. இதனை நன்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோக்கும் முறையிலிருந்து ஒருவரின் வயது, உடல்நிலை, சோர்வு, அச்சம், பழக்கம், திறமை முதலியவற்றைப் பற்றியும் ஊகங்கள் செய்யலாம் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெர்லின் ஆய்வாளர்கள் 2020இல் எடுத்துரைத்தனர். ஊகம் எப்போதும் சரியாக இருக்க வேண்டுவதில்லை. ஆனால் ஊகத்தைக் கொண்டு விளம்பரம் காட்டுபவர்க்கும், கடன் கொடுப்பவர்க்கும், வேலை தருபவர்க்கும் அது சரியா தவறா என்பதில் நமக்குள்ள கவலை இருப்பதில்லை.

இடைவெளியே மனிதனுக்குரியது

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கண் பட்டதற்கு மனிதன் பொறுப்பாளியா?

1978இல் ஹாலட் என்னும் ஆய்வாளர் ஒரு சோதனையை விவரித்தார். திரையின் ஒரு பக்கத்தில் திடீரென்று ஒரு புள்ளி தோன்றும். அதனை நோக்காமல் எதிர்ப்பக்கத்தை நோக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் செய்வோரின் கண் சிற்சில முறை தன்னையறியாமல் புள்ளியின் பக்கமே ஓடிவிடுகிறது. எதிர்ப்பக்கம் நோக்குவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமும் பிடிக்கிறது. ஓடுவது இயற்கை, திருப்புவது முயற்சி. அந்தச் சிறு நேரத்தில்தான் மனிதன் தன்னை ஆள்கிறான்.

நம் முன்னோரும் பொறிவழி வரும் அறிவைப் படிப்படியாகப் பிரித்துரைத்தனர். பொருள் ஒன்று இருப்பதாகப் புலனில் படுவது அவக்கிரகம். அது யாதாகலாம் என்று ஆராய்வது ஈஹை. இன்னதென்று துணிவது அவாயம். துணிந்ததை மனத்தில் இருத்துவது தாரணை. புலனில் பட்டவையெல்லாம் தாரணை வரை செல்வதில்லை. பெரும்பாலானவை பட்ட இடத்திலேயே கழிந்துவிடுகின்றன. கழிய வேண்டியவையே அவை. பார்வையைத் தொடரும் கருவியோ, முதற்படியில் பட்டதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, நான்காம் படியாகிய நினைவில் இருத்தலை நமக்காகத் தானே செய்துவிடுகிறது. நடுவில் உள்ள ஆராய்தலும் துணிதலும் நம்முடையவை அல்லாமற் போகின்றன. நாம் மறந்ததை அது மறப்பதில்லை. நாம் வேண்டாமென்று தள்ளியதும் அதன் கணக்கில் நிற்கிறது.

கண் ஒரு பொருளில் படுகிறது. மனம் அதனை நாடுகிறது, அல்லது விலக்குகிறது. பின்னரே கை நீளுகிறது. கண் பட்டதற்கும் கை நீண்டதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளிதான் அடக்கம் பயிலும் இடம். ஒருவர் நல்லவராவதும் தீயவராவதும் அங்கேதான். கண் பட்ட அக்கணத்திலேயே அதனை அறிந்து, மனம் தேர்வதற்கு முன்னமே அப்பொருளை இன்னும் அருகில், இன்னும் ஒளியுடன் கொண்டுவந்து நிறுத்தும் உலகம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நோக்க நோக்க விருப்பம் வளரும் என்பதை முன்னர்க் கண்டோம். அவ்வுலகில் நாம் தேர்ந்தோமா, தேர வைக்கப்பட்டோமா என்பது நமக்கே தெரியாது. எடுக்கப்படுவது வெறும் செய்தி அன்று. நம்மை நாமே ஆளுவதற்குரிய இடமே எடுக்கப்படுகிறது.

மூன்று மறுப்புகள்

இதற்குச் சிலர் மறுப்புக் கூறுவர். அவற்றை நேர்மையுடன் ஆராய்வோம்.

"தாய் குழந்தையின் கண்ணைப் பார்த்தே பசியை அறிகிறாள், ஜவுளிக் கடைக்காரர் நம் கண் எந்தப் புடவையில் நிற்கிறது என்று பார்த்து அதனையே பிரித்துப் போடுகிறார், ஆசிரியர் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே பாடம் விளங்கியதா என்பதை அறிகிறார், இதில் புதிதென்ன?" என்பது முதல் மறுப்பு. ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதற்பாடங்களில் இதுவும் ஒன்றாகும்: கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தாதே, பிள்ளைகளின் கண்களைப் பார்த்து நடத்து. பல ஆண்டுகள் அவ்வாறே செய்தோம். சன்னலுக்கு வெளியே மாமரத்தில் அணில் ஓடினால் நாற்பது கண்களும் அங்கே ஓடும். அதனைக் குற்றமாக எந்த ஆசிரியரும் குறித்து வைப்பதில்லை. நாம் பார்க்கிறோம் என்பதைப் பிள்ளையும் பார்க்கிறான். உடனே கண்ணைத் திருப்பிக்கொள்கிறான், அல்லது புன்னகை செய்கிறான். மாலையில் மணி அடித்தால் அந்தப் பார்வைகளை நாமும் மறந்துவிடுவோம். கடைக்காரரும் அப்படியே. நம் கண்ணை அவர் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடுகிறோம். மனிதர் மனிதரை நோக்குவது இருவழிப் பாதை. கருவி நோக்குவது ஒருவழிப் பாதை. அது நோக்குவதை நாம் நோக்க முடிவதில்லை, அது மறப்பதுமில்லை.

"ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்க்கு அச்சம் எதற்கு?" என்பது இரண்டாவது மறுப்பு. ஒளிப்பதற்கு இல்லாதவர்க்கே இதில் பெரிய இடர் உண்டு. விரும்புவதை மட்டுமா நாம் நோக்குகிறோம்? அஞ்சுவதை நோக்குகிறோம், வெறுப்பதை நோக்குகிறோம், விளங்காததை நெடுநேரம் நோக்குகிறோம். அருவருப்பான விளம்பரத்தை "இப்படியும் ஒட்டுகிறார்களே" என்று நோக்குபவரின் பார்வைக்கும், ஆசையுடன் நோக்குபவரின் பார்வைக்கும் நேரக் கணக்கில் வேறுபாடு சிறிதாக இருக்கலாம். யார்பஸின் சோதனை கூறுவதும் இதுவே. மனத்தில் உள்ள கேள்வியை அறியாமல் கண் சென்ற வழியைப் படிப்பது, கடிதத்தின் உறையை மட்டும் கண்டு உள்ளே இருப்பதை உரைப்பது போன்றது. கருவியின் ஊகம் சரியாயின் நாம் கொடுக்காததை அது எடுத்துக்கொண்டதாகும். தவறாயின் நம்மீது பொய்ச்சான்று கூறியதாகும். இரண்டும் குற்றமே.

"சம்மதம் கேட்டுத்தானே எடுக்கிறார்கள்?" என்பது மூன்றாவது மறுப்பு, வலிமையானதும் இதுவே. மெட்டா நிறுவனம் குவெஸ்ட் ப்ரோவில் பார்வை தொடரும் வசதியைப் பயன்படுத்துவோர் தாமே இயக்கினாலன்றி இயங்காதபடி வைத்தது. கண்ணின் படங்கள் கருவிக்குள்ளேயே ஆராயப்பட்டு அழிக்கப்படும் என்றும் அறிவித்தது. எனினும் பயன்படுத்துபவர் இசைந்தால், அப்படங்களிலிருந்து கணித்த பார்வையின் திசை விளையாட்டைத் தயாரித்த பிற நிறுவனங்களுக்கும் செல்லக்கூடும் என்றிருந்தது.

சம்மதம் நல்லதே. ஆனால் எதற்குச் சம்மதம் தர முடியும்? நம் கையில் இருப்பதை, அது இன்னதென்று அறிந்து கொடுத்தால் அது கொடை. அடுத்த ஒரு மணி நேரத்தில் நம் கண் எங்கெங்கே ஓடும் என்பதை நாமே அறியோம். ஓடாமல் தடுக்கவும் முழுவதும் வல்லோம் அல்லோம். அறியாததையும் ஆளாததையும் எவ்வாறு கொடுப்பது? களத்தில் மரக்காலால் அளந்து போட்ட நெல் கொடுத்த நெல். அளக்கும்போது சிந்திய நெல்லையும் "களத்துக்குள் வரச் சம்மதித்தீர்களே" என்று கூறி வாரிக்கொள்பவரை நாம் என்னவென்போம்? களவு என்பது பூட்டை உடைப்பது மட்டுமன்று. கொடுக்கப்படாததைக் கொள்வதெல்லாம் களவே என்று நம் நெறி கற்பிக்கிறது. நாம் விரலை அழுத்தித் தேர்ந்தது அளந்த நெல். நம்மையறியாமல் கண் சென்றது சிந்திய நெல்.

நல்வழி உண்டா?

உண்டு. இந்த வேறுபாட்டைக் கருவியின் அமைப்பிலேயே வைக்க முடியும் என்பதற்கு விஷன் ப்ரோ ஓர் எடுத்துக்காட்டு. அதில் கண்ணால் நோக்கி, இரு விரல்களைச் சேர்த்துக் கிள்ளுவது போல் செய்தால் அப்பொருள் தேர்ந்தெடுக்கப்படும். கண் எங்கெல்லாம் அலைந்தது என்பது செயலிகளுக்குச் சொல்லப்படுவதில்லை என்றும், விரலைச் சேர்த்த பின்னர் இறுதித் தேர்வு மட்டுமே அவற்றுக்குச் செல்கிறது என்றும் ஆப்பிள் நிறுவனம் அறிவித்துள்ளது. இங்கே பார்வை பார்வையாக நிற்கிறது. செயலே செயலாக எண்ணப்படுகிறது. நாம் மேலே கூறிய இடைவெளி காக்கப்படுகிறது. விற்பனைப் போட்டியில் உள்ள ஒரு நிறுவனத்தால் இவ்வாறு செய்ய முடியுமென்றால் மற்றவர்களாலும் முடியும்.

ஆயினும் ஏமாந்திருத்தல் ஆகாது. அதே கருவியில், தொலைவில் உள்ளவருடன் உரையாடும்போது நம்மைப் போன்ற ஓர் உருவம் அவருக்குக் காட்டப்படும். நம் கண் அசைவதுபோல் அவ்வுருவத்தின் கண்ணும் அசையும். அந்த உருவத்தின் கண்ணசைவை மட்டும் பார்த்து, அவர் திரையில் உள்ள எழுத்துப் பலகையில் கண்ணால் எந்தெந்த எழுத்தைத் தேர்ந்தார் என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2024இல் காட்டினர். கடவுச்சொல்லும் இதில் அடங்கும். செய்தியறிந்த ஆப்பிள் நிறுவனம், எழுத்துப் பலகையைப் பயன்படுத்தும் நேரத்தில் அவ்வுருவத்தை நிறுத்தி வைக்கும்படி அவ்வாண்டு ஜூலையில் திருத்தம் செய்தது. முன்கதவைத் தாழிட்டவரும் புறக்கடையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் மெல்ல விழித்துக்கொள்கிறது. நம் நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், சில விலக்குகளுடன், தடுக்கும் விதியைக் கொண்டுள்ளது. எனினும் வீட்டில் உள்ள பெரியோர் கேட்காத கேள்வியைச் சட்டம் வந்து கேட்டுவிடும் என்று இருப்பது சரியன்று.

குடும்பங்களில் செய்யத் தக்கவை

வெளிநாட்டில் பணிபுரியும் மக்களும் மருமக்களும் விடுமுறையில் வரும்போது இத்தகைய கருவியைப் பேரப்பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொண்டு வரலாம். அப்போது அதனைக் கண்டு அஞ்சி ஒதுக்கவும் வேண்டா. வியந்து கையில் கொடுத்துவிட்டு அப்பால் செல்லவும் வேண்டா. மூன்று கேள்விகளைக் கேட்போம். இக்கருவி கண்ணைப் பார்க்கிறதா? பார்க்கிறதென்றால், பார்த்தது கருவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா, வெளியே செல்கிறதா? அந்த வசதியை நிறுத்திவிட்டு விளையாட முடியுமா? இம்மூன்றுக்கும் கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே பெரும்பாலும் விடை இருக்கும். ஆங்கிலம் அறிந்த பிள்ளையையே வாசித்துப் பொருள் கூறச் செய்யலாம். அவ்வாறு செய்வதால் கேட்கும் பழக்கம் அப்பிள்ளைக்கே வந்துவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். உங்களுள் பலர் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறீர்கள். இத்தகைய விளையாட்டுகளையும் செயலிகளையும் எழுதும் வாய்ப்பு உங்களுக்கே வரலாம். "பயன்படுத்துபவரின் பார்வையைச் சேமித்து வைப்போமா?" என்ற பேச்சு எழும்போது, வேலைக்கு வேண்டிய அளவு எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம் என்று கூறுபவராக நீங்கள் இருங்கள். அவ்விடத்தில் கூறும் ஒரு சொல்லுக்கு, நாம் இங்கே எழுதும் பல பக்கங்களைவிடப் பயன் மிகுதி.

கண் எங்கும் செல்லும். அது கண்ணின் இயல்பு. சென்ற இடமெல்லாம் கருத்துச் சென்றதாகாது. கருத்துச் சென்ற இடத்திற்கும் கை செல்லாமல் நிறுத்த வல்லவன் மனிதன். அந்த வல்லமை அவனிடம் இருக்கும்வரையில், அவன் எதனைத் தேர்ந்தான் என்பதைக் கொண்டே அவனை மதிப்பிட வேண்டும். அவன் கண் எதன்மேல் பட்டது என்பதைக் கொண்டன்று. கருவிகளைச் செய்வோரும் இந்த எல்லையை ஏற்கும்படி கேட்போமாக. நம் இல்லங்களிலும், ஒருவர் மற்றவரைப் பார்வையைக் கொண்டு எடைபோடாமல் செயலைக் கொண்டு மதிப்போமாக.